அவாஸ்ட் சொன்னது யார்

பச்சைப் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி நின்றாள். அழுத்தவில்லை. அவளுடைய கொழுந்தன் கலவைத் தொட்டிக்குள் இருக்கிறானா, வெளியே வந்துவிட்டானா என்று தெரியவில்லை.

அது சோப்புத் தொழிற்சாலை. தொட்டி ஆள் உயரத்தைவிடப் பெரியது. உள்ளே சுற்றும் இரும்புத் துடுப்புகள், எதிரில் இருப்பது சோப்புக் கூழா, ஆளின் காலா என்று பார்த்துச் சுற்றுவதில்லை. சுவரில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்ட யாராவது ஏணி வைத்து இறங்க வேண்டும். தொட்டியின் வாய் மேல்தளத்தில், சுவிட்ச் கீழ்த்தளத்தில். இங்கிருந்து பார்த்தால் தொட்டியின் வயிறு மட்டும்தான் தெரியும். அதனால் இறங்குகிறவர் சுவிட்சில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று விதி. பூட்டுகள் சுவர் ஆணியில் தூசி படிந்து தொங்கின. பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் இருந்தது.

அவாஸ்ட்.

கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த பழைய ஃபோர்மேன் கொண்டுவந்த இங்கிலீஷ். கயிறு இழுக்கிறவர்களை நிறுத்தச் சொல்ல மாலுமிகள் கத்துவதாம். கரையில் எவனும் பேசாத சொல், இரைச்சலிலும் வேறு எதோடும் குழம்பாது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். குழம்பாத சொல்லை இவர்கள் குழப்பினார்கள். இயந்திரத்தை நிறுத்த அவாஸ்ட். டீக்கு அவாஸ்ட். வேலை முடிந்தால் அவாஸ்ட். வம்பளக்கிறவன் வாயை அடைக்கவும் அதேதான். காதல் என்ன ஆச்சு என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டதற்கு, உதட்டைப் பிதுக்கி, "அவாஸ்ட்" என்றான். பிள்ளைகள் சண்டை போட்டால் இவளும் வீட்டில் அதைத்தான் கத்துவாள். அதுகள் காதில் வாங்குவதில்லை.

காலையில் இறங்கும்போது கொழுந்தன் மேலிருந்து, "அண்ணி, அவாஸ்ட்!" என்றான். சிவப்பை அழுத்தி நிறுத்தினாள். சற்று முன் மேலே இன்னொரு அவாஸ்ட் கேட்டது. சிரிப்போடு.

"கேட்டுச்சுல்ல? வேலை முடிஞ்சுடுச்சு, போடு" என்றார் சூப்பர்வைசர். "கூழு குழாயில இறுகிட்டிருக்கு."

"அது அவன் குரல் மாதிரி இல்ல சார்."

"பின்ன, பேயா வந்து சொல்லிட்டுப் போச்சு?"

"டேய் சின்னவனே!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். காற்றாடியின் இரைச்சல் அவள் குரலை விழுங்கியது. 

"என்னம்மா, பொத்தானோட குடும்பம் நடத்துறியா? தள்ளு, நான் போடுறேன்."

அவர் கை நீண்டது.  தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் சூப்பர்வைசரின் கை என்பதே உறைத்தது. மேலே போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் இந்த மனிதரை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. ஆணியிலிருந்து ஒரு பூட்டைப் பிடுங்கினாள். பூட்டு சுவிட்சின் வளையத்தில் நுழைய மறுத்தது. முழங்கையால் அவரை ஒதுக்கி, ஒருவழியாக அழுத்திப் பூட்டினாள்.

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

அவள் படிகளில் ஓடினாள். சாவி உள்ளங்கையில் குத்தியது.

மேலே லோடுமேன்கள் இருவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப அவாஸ்ட் சொன்னது யாரு?"

"நான்தான்க்கா" என்றான் ஒருவன். "இவன் பொண்டாட்டி புராணத்த நிறுத்தவே மாட்டேங்கிறான். ஏன்?"

தொட்டியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

துடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காலை நுழைத்து, குந்தியபடி, முதுகைக் காட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தான். இரண்டு காதிலும் பஞ்சு. ராகம் இல்லாமல் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். அவள் நிழல் தன்மேல் விழுந்ததும் நிமிர்ந்து, ஒரு பஞ்சை எடுத்தான்.

"என்ன அண்ணி, டீயா?"

 ஏறி வா என்று கையைக் காட்டினாள். ஏறி வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான், லோடுமேன்களைப் பார்த்தான்.  அவன் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

கீழே சூப்பர்வைசர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்ததும் துடைப்பது நின்றது. பிறகு வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்:

"இப்ப காலிதான? போடும்மா."

பூட்டைத் திறந்தாள். தொட்டி காலி. கண்ணால் பார்த்தாயிற்று. ஏணி வெளியே, ஆள் பக்கத்தில். ஆனாலும் விரல் பொத்தானுக்குப் போக மறுத்தது.

"அண்ணி, நான் இங்கதான நிக்கிறேன்."

"வாய மூடு."

இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி அவள் விரலுக்குக் கீழே தடதடவென்று அடித்தது. பச்சையை அழுத்தினாள். மேலே துடுப்பு இரும்பை உரசிக்கொண்டு கிளம்பியது. அவன் உடம்பு ஒருமுறை குலுங்கியது, அவளுடையதும்.

"வலிக்குது அண்ணி, விடுங்க" என்றான்.

அவள் விடவில்லை.