தர்பாரில் வெற்றிலைத் தட்டு

என் நிச்சயதார்த்தத்துக்கு அப்பா தர்பார் திரை கட்டினார். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் மணியன், மகள் செல்லாயியை வெறுஞ்சுவருக்கு முன்னால் உட்காரவைத்தால் கௌரவம் என்னாவது?

சேலத்திலிருந்து நாடகத் திரை எழுதும் லாசர் வந்தார். மாதா கோயில் சாமியார் பங்களாவில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து எழுதினார். ‘கீழ்த்திசைச் சக்கரவர்த்தியின் சபை’யாம். வரைந்தவர் பிரான்சு தேசத்துப் பெரிய ஓவியர்; கிழக்கே வரக் கப்பலே ஏறாதவர் என்று சாமியார் சொன்னாராம். ஏறாததால்தான் அவருக்கு எல்லாம் அத்தனை தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சபையில் மனுக் கொடுக்க ஓர் ஆள் இல்லை. சிறுத்தை படுத்திருந்தது, பெண்கள் துணி பற்றாமல் படுத்திருந்தார்கள், அரசனும் வலது முழங்கையைத் திண்டில் ஊன்றிப் படுத்திருந்தான். நாட்டைச் சிறுத்தைதான் ஆண்டிருக்க வேண்டும்.

அப்பா முதலில் பெண்களுக்குச் சேலை கட்டிவிடச் சொன்னார். பிறகு சபை முழுக்கத் தேடினார்.

“ஏனுங்க லாசரு, வெத்தலைத் தட்டு எங்கீங்க?”

“அசல் படத்துலயே இல்லீங்க.”

“வெத்தலை இல்லாத சபையும் ஒரு சபைங்களா? போடுங்க.”

அரசன் கை நீட்டிய இடத்தில் ஒருத்தி ஹூக்கா ஏந்தியிருந்தாள். லாசர் அதை அழித்துவிட்டு வெற்றிலைத் தட்டை வைத்தார். எங்கள் கொடிக்கால்கூட அத்தனை பச்சையில்லை. எல்லோரும் வெற்றிலையைத்தான் பார்த்தோம், கையைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை கந்தவேலுக்கு மோகனூரில் புதிதாக வந்த சர்க்கரை ஆலையில் வேலை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

தாம்பூலம் மாற்றுகிற நேரம். அவருடைய அப்பா வெங்கடாசலம், கை நீட்டப் போனவர், திரையைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்க, உங்க ராசா பீச்சாங்கையில தாம்பூலம் வாங்கறானுங்களே. நாங்க எந்தக் கையில வாங்கோணும்?”

திரையைச் சுருட்டியிருந்தால் முடிந்திருக்கும். கௌரவம் விடுமா?

“வெள்ளைக்காரன் எழுதுன படமுங்க. அவனுக்குத் தெரியாத ராசாவுங்களா?” என்றார் அப்பா.

“அப்பறம் என்னுங்க, அவங்கூடவே சம்பந்தம் வெச்சுக்குங்க.” வெங்கடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் கந்தவேலைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார், பிறகு செருப்பைத் தேடினார்.

படத்து ராசா வழக்கம் தெரியாதவன்தான். ஆனாலும் எனக்காக வைத்த தாம்பூலத்துக்கு ஒரு கையாவது நீட்டினான். கந்தவேல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டே அவருடைய அப்பாவின் பின்னால் போனார்.