சங்கு ஊதாத நான்கு நாள்

நான் மில்லில் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்த எட்டாம் நாள், நைனா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் வீட்டில் மட்டும் சம்பந்தம் இருப்பதுபோலவே பேசினார்கள். அண்ணன் கஜபதிக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் பகல் ஷிப்ட். அண்ணி பார்வதத்துக்கு அடுப்பு, தண்ணீர்க் குடம், இரண்டு பிள்ளைகள். மிச்சம் நான்.

"வரதா, நீதான் சொம்மா கீறே. மாமாவ நீ பாத்துக்கோ," என்றாள் அண்ணி.

வேலை கிடைத்துவிட்டது. கேட்டில் கார்டு குத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைத்தெரு டாக்டரின் கம்பவுண்டர் ஜானகிராமன் வெள்ளிக்கிழமைதோறும் சைக்கிளில் வந்து பார்ப்பார். முதல் நாளே வேலையைக் கற்றுக் கொடுத்தார். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் விரித்து வை. ஆளைப் பிடித்து இழுக்காதே, வேட்டியைப் பிடித்து இழு. இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூடக் கூடாது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும். செவந்த எடத்த வெரலால அழுத்திப் பாரு. வெளுத்துட்டு மறுபடி செவந்தா பரவால்ல. வெளுக்கலைன்னா ஆபத்து. தோல் பிஞ்சுதுன்னா பெரிய ஆஸ்பத்திரிதான்."

நைனா கூரையைப் பார்த்தார். அவரோடு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்த மணவாளன் கால் புண்ணுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர். நடந்து திரும்பவில்லை.

"நான் போமாட்டேன்," என்றார் நைனா.

"அப்ப திரும்பிப் படு," என்றேன்.

வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அண்ணன் கையில் ஏறிக்கொண்டு வேலைக்குப் போய்விடும். அதனால் என்ன? எஸ்டேட்டைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கம்பெனிச் சங்கு போதும். ஆறு மணிக்கு நூல் மில், எட்டுக்கு அண்ணன் கம்பெனி, பத்துக்கு டீ விடும் சங்கு, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இப்படி ஐந்தாறு கம்பெனிகள் சேர்ந்து நைனாவைப் புரட்டிக்கொண்டிருந்தன. சங்கு ஊதினால் நான் எழுந்து வருவேன், அவர் பல்லைக் கடிப்பார், வேலை முடிந்துவிடும். இரவில் எனக்கு எப்படியும் தூக்கம் வராது என்பதால் அந்த ஷிப்டும் என்னுடையதே. எதை விட்டு வந்தேனோ அது வீட்டுக்கே வந்துவிட்டது.

இருபது நாள் இப்படி ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை எஸ்டேட் முழுக்க ஸ்ட்ரைக். அண்ணன் கொடி பிடிக்கப் போய்விட்டான்.

நான் சங்குக்காகக் காத்திருந்தேன். நைனாவும் காத்திருந்தார். ஊதவில்லை. இன்னும் மணி ஆகவில்லை போலும் என்று இருவருமே நினைத்தோம். அப்படியே நான் தூங்கிவிட்டேன். ஸ்ட்ரைக் என்பது எனக்குத் தெரியும். சங்கு ஊதாது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அண்ணி மாலையில் உடம்பு துடைக்க வந்தவள் கத்தினாள். வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை.

"வெள்ளிக்கெழம கம்பவுண்டரு வருவாரு. தோலு பிஞ்சுதோ, மாமாவ வண்டியில ஏத்திடுவாரு. உன்னையும் கூடவே ஏத்தச் சொல்றேன்," என்றாள்.

புதன்கிழமை காலை வேட்டி நுனியைப் பிடித்தேன். நைனா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சங்கு ஊதல."

"நைனா, ஸ்ட்ரைக்கு. ஊதாது."

"ஊதட்டும், அப்பால பாக்கலாம்."

நான் சுவருக்குப் பின்னால் போய், கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து ஊதினேன். பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. திரும்பி வந்தால் நைனா அசையவில்லை.

"இது இன்னா கம்பெனிடா? சளி புட்ச்ச மாதிரி கீது. அங்க நான் வேல செய்யல."

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"ஆஸ்பத்திரிக்கும் போமாட்டே, திரும்பியும் படுக்கமாட்டே. இன்னாதான் உன் பிரச்சன?"

"வலிக்குதுடா, முட்டாள். சங்குன்னா முன்னாடியே தெரியும், மூச்ச புட்ச்சினு ரெடியா இருப்பேன். நீ மூட்ட தூக்கறவன் மாதிரி திடீர்னு வந்து இழுக்கறே. உயிரு போவுது."

இருபது நாளில் நான் இதைக் கேட்கவே இல்லை. மில்லில் இயந்திரத்தைக்கூட ஓட்டுவதற்கு முன் ஒருதரம் தொட்டுப் பார்ப்பேன்.

பரண்மேல் அவருடைய காக்கிச் சட்டை இருந்தது. அதன் பையில் வாட்ச்மேன் விசில். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம் ஒரு டைம்பீஸ் கேட்டேன். அலாரம் அடிக்காத டைம்பீஸ், உடனே கொடுத்துவிட்டாள். அதை அவர் கண்ணுக்கு எதிரே வைத்தேன்.

"ரெண்டு மணி நேரம் ஆனா நீயே ஊது. நீ ஊதாம நான் தொடமாட்டேன். ஊதலன்னா ஆஸ்பத்திரி. உன் இஷ்டம்."

"எனக்கே டூட்டி சொல்றியா?" என்றார். ஆனால் விசிலை வாங்கி, வேட்டியில் துடைத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

பதினோரு வருஷம் ஒரு நாள்கூடக் கேட்டைத் தாமதமாகத் திறக்காத மனுஷன். சரியாகப் பத்து மணிக்கு விசில். மூச்சை இழுத்துப் பிடித்துக் கண்ணால் சாடை காட்டினார். இழுத்தேன். முனகல் பாதியாகக் குறைந்திருந்தது. பன்னிரண்டுக்கு விசில். இரண்டுக்கு, நான் சோற்றில் கை வைத்த நேரம், விசில்.

"சாப்பிட்டு வரேன் நைனா."

"லேட்டு. பேர எழுதிப்பேன்."

வெள்ளிக்கிழமை ஜானகிராமன் வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து அழுத்தினார். அண்ணி மூச்சுவிடவில்லை. நைனா விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்தது, மெதுவாகச் சிவந்தது. தோல் முழுசாக இருந்தது.

"புண்ணு வந்துட்டு இருந்துருக்கு, திரும்பிப் போயிடுச்சு," என்றார். "ஆஸ்பத்திரி வேணாம். இப்படியே பண்ணுங்க."

நைனா ஒரு நீண்ட விசில் ஊதினார். கம்பவுண்டர் பையைத் தவறவிட்டார்.

மறுநாள் ஸ்ட்ரைக் முடிந்தது. காலை எட்டு மணிக்கு அண்ணன் கம்பெனிச் சங்கு முழங்கியது. பழக்கத்தில் ஓடிப்போய் வேட்டி நுனியைப் பிடித்தேன். நைனா டைம்பீஸைப் பார்த்தார்.

"கைய எட்றா," என்றார். "கம்பெனிக்காரன் மூணு நிமிசம் ஃபாஸ்ட்டு."

மூன்று நிமிஷம் நின்றேன்.