இரண்டரையா, மூன்றா?

அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில், கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஆலையில் வேலை பார்த்தவன் எம்மெட் சோப்சாக். பனிக்காலம் முழுக்க வீட்டு கராஜில் தன் பழைய மஸ்டாங் காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, உள்ளே இருந்த பாதியை மாற்றிவிட்டான். பனி உருகச் சாலையில் தூவிய உப்பை மழை கழுவிக்கொண்டு போன சமயத்தில் எஞ்சின் நானூறு குதிரை சக்தியைத் தொட்டிருந்தது. மிச்சம் இருந்தது சைலன்சர் ஒன்றுதான். அதில்தான் மாட்டிக்கொண்டான்.

"மூணு இன்ச் குழாய் போடு மச்சான்," என்றான் அவன் மனைவி லோரெய்னின் தம்பி டுவெய்ன். "இவ்வளவு பெரிய எஞ்சினைக் கட்டிட்டு அதோட மூக்கைப் பிடிச்சா எப்படி மூச்சு விடும்?"

சைலன்சர் கடைக்காரர் ரூடி தலையில் அடித்துக்கொண்டார். "அவன் பேச்சைக் கேட்காதே. நீ என்ன ரேஸுக்கா போற, பால் வாங்கத்தானே போற? குழாய் ரொம்பப் பெரிசானா சிக்னல்ல இருந்து கிளம்புறப்ப வண்டி தூங்கும். நானூறுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டரை இன்ச் தாராளம்."

இணையத்தில் தேடினான். குழாயின் அகலம் முக்கியம் என்றது ஒரு கூட்டம். அகலத்தில் ஒன்றுமில்லை, சத்தத்தை அடக்கும் டப்பாவின் நீளம்தான் எல்லாம் என்றது இன்னொன்று. பிறகு இரண்டு கூட்டமும் சைலன்சரை விட்டுவிட்டு ஒன்றின் தாயை ஒன்று இழுத்துத் திட்டின. எம்மெட் கணினியை மூடினான். படிக்க ஆரம்பித்தபோது தெரிந்திருந்ததும் இப்போது தெரியவில்லை.

கடைசியில் ரூடி சொன்னபடி இரண்டரை இன்ச், நீள டப்பா போட்டார்கள். ஓட்டிப் பார்த்தான். வாயில் துணி அடைத்தவன் முனகுவது போல இருந்தது. வேகம் ஏற ஏற அந்த முனகலும் தேய்ந்து காணாமல் போயிற்று.

"வேகம் ஏறினா மேல சத்தமே இல்லையே, ரூடி."

ரூடி அவனை ஒரு மாதிரி பார்த்தார். "இல்லையா? சரி, உன் காசு, உன் வண்டி."

மூன்று இன்ச், குட்டை டப்பா மாட்டினார். கிளப்பியதும் கடையில் தொங்கிய ஸ்பானர்கள் ஒன்றோடொன்று மோதி ஆடின. டுவெய்ன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "அடேயப்பா! இதுதான் சத்தம்!" என்று துள்ளினான். எம்மெட்டுக்கு இருக்கையில் அதிர்வு தெரிந்தது. அடிவயிற்றில் உறுமல் கேட்டது. அதற்கு மேலே? ஒன்றுமில்லை.

"கீழதான் கேக்குது. மேல அதே கதைதான்," என்றான்.

"மச்சான், என் காது கிழிஞ்சு தொங்குது. நீ பத்தலேங்கிற!"

இருவரும் சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தான். பழைய சைலன்சரையே ரூடி திருப்பி மாட்டிவிட்டாரோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் நுழைந்து டேப் வைத்து அளந்தான். சரியாக மூன்று இன்ச்.

மறுநாள் ஹாட் டாக் கடை வாசலில் ஒரு போலீஸ்காரர் அவனை நிறுத்தி, அளவுக்கு மீறிய சத்தம் என்று அபராதச் சீட்டு கிழித்தார்.

"என் வண்டியா சார்? வேற யாரோடதோ இருக்கும்."

"ரெண்டு தெரு தள்ளியே கேட்டுது. என்ன, விளையாடுறியா?"

ஞாயிற்றுக்கிழமை லோரெய்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிக்கரைச் சாலையில் ஓட்டினான். ஊரே பொய் சொன்னாலும் அவள் சொல்லமாட்டாள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். அவள் முகம் சுருங்கியது.

"எப்படி இருக்கு?" என்று கத்தினான்.

"ரம்பத்தால தகரத்தை அறுக்கிற மாதிரி இருக்கு. நிறுத்து!"

ஓரங்கட்டினான். "எந்த ரம்பம்? எனக்குக் கேக்கலையே."

லோரெய்ன் அவன் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "போன மாசம் நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேனே. புகை அலாரத்துல பேட்டரி தீர்ந்து கீச்சு கீச்சுன்னு கத்திட்டு இருந்தது. சோம்பேறி, மாத்தாம விட்டிருக்கியேன்னு உன்னைத் திட்டினேன். அந்தக் கீச்சு உனக்குக் கேட்டுதா?"

"எது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எம்மெட்டுக்கு அப்போதும் புரியவில்லை. சைலன்சரைப் பற்றிக் கேட்டால் இவள் ஏன் அழுகிறாள்?

காது மருத்துவமனையில்தான் புரிந்தது. கனத்த ஒலியெல்லாம் நன்றாகக் கேட்கிறது, மெல்லிய கூரான ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன என்றார் டாக்டர். ஆலையில் தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரங்களுக்கு நடுவே, காதில் செருக வேண்டிய கயிறு கோத்த அடைப்பான்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்தவன் அவன். சண்டை போட ஆளில்லாமல், கேட்கும் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான்.

கராஜில் வண்டியைக் கிளப்பியவன் தூக்கிவாரிப் போட உடனே அணைத்தான். கருவியைக் கழற்றிவிட்டுக் கிளப்பினான், உறுமல். மாட்டிக்கொண்டு கிளப்பினான், ரம்பம். தான் இத்தனை நாளாகக் கட்டிய வண்டி இதில் எது?

ரூடி ஒரு வழி சொன்னார். வண்டியை உருளை மேல் ஏற்றி சக்தியை அளக்கும் இடத்தில் இரண்டு சைலன்சர் ஜோடியையும் மாறி மாறி மாட்டிப் பார்த்தார்கள். ஆரம்ப வேகத்தில் இரண்டரை கொஞ்சம் முந்தியது. உச்ச வேகத்தில் மூன்று கொஞ்சம் முந்தியது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்றார் ரூடி.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்றான் டுவெய்ன்.

எம்மெட் லோரெய்னைப் பார்த்தான். "நீ சொல்லு. என்னால முடியல."

"பக்கத்துல உக்காந்து பேசினா உனக்குக் கேக்கணும். அது எதுல கேக்குமோ அதைப் போடு."

இரண்டரை இன்ச், நீள டப்பா போட்டார்கள். டுவெய்ன் துக்க வீட்டுக்கு வந்தவன் போல நின்றான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டி தாழ்ந்த குரலில் உறுமியது. அதற்கு மேலே மெல்லிய இழை ஒன்று ஓடுவது காதுக் கருவி வழியே எம்மெட்டுக்குக் கேட்டது. அது அழகா, இரைச்சலா? அவனால் தீர்மானிக்க முடியவில்லை. மூன்றையே விட்டிருக்கலாமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது.

தெரு முனையில் திரும்பும்போது திடுக்கிட்டு வேகத்தைக் குறைத்தான்.

"என்னமோ டிக் டிக்னு அடிக்குது. எதையோ சரியா முடுக்காம விட்டுட்டாரு ரூடி."

"அது இண்டிகேட்டர், எம்மெட்."

"இது எப்பவும் இப்படித்தான் அடிக்குமா?"

"எப்பவும்."

திரும்பிய பிறகும் அவன் அதை அணைக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். எம்மெட்டுக்கு அதுவும் கேட்டது.