சிங்காரிக்காகப் போட்ட வாய்க்கரிசி

முத்தம்மாவுக்கு வாய் நீளம். அடுகோடியின் அந்தச் சந்துக்குள் தண்ணீர் லாரிக்காரனிலிருந்து கேபிள்காரன் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் கொஞ்ச நாளாகச் சத்தம் காட்டாமல் ஒரு நாயின் பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்தாள் என்றால், நம்புவதற்கே சிரமம்தான்.

நாயின் பெயர் சிங்காரி. செம்பட்டை நிறத் தெரு நாய். பெயருக்கேற்ற சிங்காரம் ஒன்றும் அதனிடம் இல்லை. பிள்ளையார் கரைக்கப் போன கும்பல் முனையில் சரவெடி கொளுத்த, அது தலைதெறிக்க ஓடி மெயின் ரோட்டில் கூட்ஸ் ஆட்டோவில் அடிபட்டது. மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம். அன்றைக்கே அறுத்து, கிழிந்ததை எடுத்துவிட்டார்கள்.

“உள்ள கட்டுன முடிச்செல்லாம் இன்னும் பச்சையா இருக்கும்மா” என்று டாக்டர் ஷ்ரேயா சொல்லியிருந்தாள். “ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பயப்படவே கூடாது. மறுபடி உள்ள ரத்தம் கசிஞ்சா இன்னொரு தடவ அறுக்க அது உடம்புல தெம்பு இல்ல. ஸ்வல்ப நாள் ஜாக்கிரதையா பாத்துக்கங்க.”

முத்தம்மா ஒரு பிஜி ஹாஸ்டலில் சமையல் வேலை செய்பவள். கொஞ்ச நாள் வேலைக்கு வரமாட்டேன் என்று அங்கே சொல்லிவிட்டாள். கஞ்சியைக் குழைத்து, தயிர் விட்டு, விரலால் நாயின் கடைவாயில் தடவி ஊட்டினாள். அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிப்பிடித்து மூத்திரம் போக வைத்தாள். டாக்டர் சொன்னபடி அடிக்கடி உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்தால் ஆபத்து. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு வேறு.

“லவுட் ஸ்பீக்கர் மாட்டிட்டாங்களாடி உனக்கு? எந்தக் கட்சிக்குடி பிரசாரம்?” என்று அதைக் கேலி செய்வாள். அது வாலை லேசாகத் தரையில் தட்டும்.

அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு ஜீவன்தான். கட்டினவன் சின்னப்பா அவளை விட்டுவிட்டு, பொம்மனஹள்ளியில் ஜெயலட்சுமி என்பவளோடு குடித்தனம் போட்டுப் பல வருஷமாயிற்று. போன அன்றைக்கு முத்தம்மா நடுச்சந்தில் மண்ணை வாரித் தூற்றி, “நீ செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்டா” என்று கத்தினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தாள்.

அந்தச் சின்னப்பாதான் மாரடைப்பில் செத்துப்போனான். பாழாய்ப்போனவன் சாவதற்கும் நேரம் பார்த்தான் பாருங்கள். பொம்மனஹள்ளி வாடகை வீட்டில் பிணத்தைப் போட வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாததால், தம்பி பிரகாஷ் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அது அதே சந்தில், முத்தம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி.

காலையிலேயே மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சின்னப்பாவோடு பெயின்ட் அடித்தவர்கள் பெட்டி பெட்டியாகச் சரவெடி கொண்டுவந்து அடுக்கினார்கள். அந்தச் சந்தில் பிணம் எடுத்தால் மேளமும் வெடியும் இல்லாமல் எடுப்பதில்லை. இல்லாமல் எடுத்தால் நாதியற்றவன் என்று அர்த்தம். எவனோ ஒருவன் மேளத்தை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான். சிங்காரி உடம்பெல்லாம் நடுங்கி, கட்டிலுக்கு அடியில் தவழப் பார்த்தது. முத்தம்மா அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வெடி போட்டால் இது செத்துவிடும். ஆட்டோவில் வேறெங்காவது கொண்டுபோகலாம் என்றால், ரோட்டைத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். அந்தக் குலுக்கலே போதும் அதன் உயிர் போக.

பக்கத்து வீட்டு வீணாவை நாயின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நேரே பிரகாஷிடம் போய் நின்றாள். பிணத்தின் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

“பிரகாசு, மோளமும் வெடியும் நம்ம சந்துக்குள்ள வேணாம். மெயின் ரோட்டுக்குப் போயி இன்னா வேணா பண்ணிக்குங்க.”

“நாய்க்காகவா அண்ணி?” அவன் கண் சிவந்தது. “எங்கண்ணன் இன்னா அநாதைப் பொணமா?”

“உங்கண்ணன் பூட்டான். என்னுது இன்னும் உசுரோட கீது.”

நாற்காலிகளில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பிரகாஷ் கெட்டவன் இல்லை. அவளை ஓரமாகக் கூட்டிப்போனான்.

“இங்க என் மானம் போவுது அண்ணி. தாலி கட்டுனவ நாலு வீடு தள்ளி இருந்துக்கினு வாய்க்கரிசி போட வரலன்னா பொணத்த எப்படித் தூக்குறதுன்னு பெரியவங்க கேக்குறாங்க. நீ வந்து உக்காரு. பூ வெச்சுக்கோ, வளையல் போட்டுக்கோ. பொண்டாட்டியா நாலு பேர் பாக்க அழு. மோளம், வெடி எல்லாத்தையும் நான் நிறுத்தறேன். எங்கண்ணன் மேல சத்தியம்.”

காறித் துப்பிவிட்டு வந்திருப்பாள் முத்தம்மா, வேறொரு நாளாக இருந்தால். அத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்ததே மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

“வரேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து சிங்காரியின் நெற்றியைத் தடவினாள். “தோ வந்துடறேன் கண்ணு. வீணா, அது மேலிருந்து கைய எடுக்காத, புரியுதா?”

சாவு வீட்டில் அவளுக்கு மஞ்சள் பூசினார்கள், தலை நிறையப் பூ வைத்தார்கள், கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். தலைமாட்டில் இருந்த ஜெயலட்சுமி, “வாங்கக்கா” என்று நகர்ந்து இடம் விட்டுச் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டாள். அவளைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. முத்தம்மா உட்கார்ந்தாள்.

“அழுடி” என்றாள் ஒருத்தி.

அழுகை வரவில்லை. மூக்கில் பஞ்சு வைத்த அந்த முகத்தைப் பார்த்தால் கோபம்தான் வந்தது. கண்ணை மூடிச் சிங்காரியின் வயிற்றை நினைத்தாள். வழித்த தோலையும் கறுப்பு நூலையும் நினைத்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் அழுகை! “ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிடாதடி கண்ணு” என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். ‘டி’யை யாரும் கவனிக்கவில்லை. ஆயிரம் இருந்தாலும் புருஷன் இல்லையா என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள்.

கோலாரிலிருந்து சின்னப்பாவின் தங்கச்சி வரவேண்டும் என்று பிணத்தை எடுக்காமல் காக்கவைத்தார்கள். எழுந்திருக்கவும் முடியவில்லை. அவள் அழுகை நின்றபோதெல்லாம் யாராவது வந்து கிளப்பிவிட்டார்கள். அவளும் சந்தே கேட்கும்படி அழுதாள். கடைசியில் அந்த வாயில் அரிசியைப் போட்டாள். அந்த வாய் தன்னைப் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. போட்டாள்.

பிரகாஷ் சொன்ன சொல் தவறவில்லை. மேளக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். பாடையைத் தூக்கியதும், பூவும் வளையலுமாக முத்தம்மா வீட்டைப் பார்த்து ஓடினாள்.

சிங்காரி வாசல்படிக்கு உட்புறம் கிடந்தது. கூம்பு நிலைக்கட்டையில் முட்டியிருந்தது. வீணா பக்கத்தில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

“உன் கொரல் கேட்டுச்சுக்கா. நீ அங்க அழுதது இங்க நல்லா கேட்டுச்சு. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சுக்கிச்சு போல. நான் அமுக்கிப் புடிச்சேன்க்கா, சத்தியமா புடிச்சேன். கைய ஒதறிட்டு எழுந்து ஓடி வந்து இங்கயே விழுந்துடுச்சு. உன்னக் கூப்புட வரலாம்னா, பொணத்துக்கு முன்னால எப்படிக்கா வந்து சொல்றது?”

முத்தம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மூக்கின் முன்னால் கையை வைத்தாள். ஒன்றுமில்லை. உடம்பு மட்டும் இன்னும் சூடாக இருந்தது. அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

ஊர்வலம் வந்தது. செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. தீச்சட்டியோடு முன்னால் வந்த பிரகாஷ், வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்பதுபோல அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

“ஏன்டா கம்முனு போறீங்க?” என்றாள் முத்தம்மா.

பிரகாஷ் நின்றான். “அண்ணி, நீதானே...”

“வெடிங்கடா. அடிங்கடா மோளத்த. எவ்ளோ கீதோ அவ்ளோத்தையும் இங்கயே கொளுத்துங்க.”

பாடை நின்றது. பெயின்ட்காரர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டுமா? சரத்தை அவள் வாசல் முன்னாலேயே நீளமாகப் பிரித்துப் போட்டுப் பற்றவைத்தார்கள். சந்து முழுக்கப் புகை. மேளம் காதைப் பிளந்தது. பார்த்தாயா, கடைசியில் மனசு இளகிவிட்டது அவளுக்கு, என்று மாடியில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

முத்தம்மா வாய்விட்டு அழுதாள். அது யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு சத்தத்துக்கும் சிங்காரி ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.