சனிக்கிழமை ஏழு மணி

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு மாதம் வெயிலில் கிடந்த மோட்டார் சைக்கிள், ஒரு சனிக்கிழமை காலை மாட்டுவண்டியில் ஏறித் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முன்சக்கரம் நெளிந்து கிடந்தது. பெட்ரோல் டாங்க் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. என் மனைவி ஹில்டா சமையலறை ஜன்னல் வழியாக ஒரு முறை பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அந்த வண்டியில் போய்ச் செத்தவன் அவளுடைய ஒரே தம்பி தேவானந்தம். இருபத்தாறு வயது.

காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானே சரிபண்ணிக்கொள்கிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் அரை மெக்கானிக் என்று எனக்குப் பெயர். ஐம்பத்தெட்டில் வந்த இந்தச் சீமை வண்டியை எழுபத்தொன்று வரைக்கும் வேறு யாரையும் தொடவிடாமல் ஓட்டிவிட்டேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. ஆனால் இந்த முறை அப்படிச் சொன்னது சரிபண்ணுவதற்காக இல்லை. வேறு யாரும் அதைப் பிரித்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்தால் எங்கள் வீட்டில் ஜெபம். அதற்குப் பிறகு திங்கட்கிழமை விடியும்வரை கத்தி, சுத்தியல், ஊசி எதுவும் கையில் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைக்கூட ஹில்டா முந்தின நாளே வைத்துவிடுவாள். விபத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை நான் பின்பிரேக்குக்குப் புது ஷூ மாட்டியிருந்தேன். பிரேக் தட்டு சுழன்றுவிடாமல் அதைச் சட்டத்தோடு பிடித்துவைக்க ஓர் இரும்புப் பட்டை உண்டு. அதன் நட்டையும் முடுக்கியாகிவிட்டது. நட்டு கழலாமல் இருக்க, போல்ட்டின் துளையில் கொண்டை ஊசி மாதிரி ஒரு சின்னப் பின்னை நுழைத்து அதன் கால்களை வளைத்துவிட வேண்டும். புதுப் பின்னைக் கையில் எடுத்தேன். மணி அடித்தது.

"போதும், வாங்க" என்று ஹில்டா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். திங்கட்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் தேவானந்தம் சாவி கேட்டான்.

"வண்டலூர்ல பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம் அத்தான். ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்."

நான் மறந்துவிடவில்லை. இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. பின் மாட்டாதது நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் குறடும் கையுமாக உட்கார உடம்பு கூசியது. நட்டுதான் முடுக்கியிருக்கிறதே, ஐந்து மைல்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "மெதுவா போ" என்று சாவியைக் கொடுத்தேன்.

பெருங்களத்தூர் தாண்டி நடுரோட்டில் விழுந்தான். எதிரே லாரி வந்துகொண்டிருந்தது.

அந்த 'மெதுவா போ'தான் என்னைக் காப்பாற்றியது. "அசரியா சார் சொல்லியும் கேக்காம பறந்திருக்கான் பையன்" என்றார் போதகர். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஹில்டாவும் அதையே சொன்னாள். என் மாமியார் சாராள் மகன் குடித்திருந்தானோ என்று சந்தேகப்பட்டு, கல்லறைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். செத்தவன் மேல் பழி ஏற ஏற நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

வண்டி வந்த அன்று சாயங்காலம் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்த் துணியோடு உட்கார்ந்தேன். துடைத்துப் பார்த்தால் போல்ட் முறியவில்லை, மரை கெடவில்லை. நட்டைத்தான் காணோம். பட்டை அவிழ்ந்து தொங்கியது. அவன் பிரேக்கை மிதித்ததும் தட்டு சுழன்று, சக்கரம் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது.

ஹில்டா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் கையில், வண்டி வேலைக்கென்றே நான் வைத்திருந்த பழைய நீலச் சட்டை இருந்தது. இரண்டு மாதமாகக் கொல்லைப்புற ஆணியிலேயே தொங்கிய சட்டை.

"நல்ல சட்டையோட உக்காந்திருக்கீங்களேன்னு எடுத்தேன். உதறினப்போ இது விழுந்துச்சு."

உள்ளங்கையில் அந்தப் பின் இருந்தது. வளைக்காத கால்கள் இரண்டும் நேராக நின்றன.

"இது எங்க போடறது?"

ஏதோ பழசு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் போல்ட்டின் துளையைக் காட்டினேன். அவள் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

"இது இல்லாமலா அவன் போனான்?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்கு மணி அடிச்சிடுச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை."

அவள் விரலால் அந்தத் துளையைத் தொட்டாள்.

"நான்தானே போதும்னு கூப்பிட்டேன்" என்றாள்.

"சாவியக் குடுத்தது நான் ஹில்டா."

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. "குடிச்சிருந்தானோன்னு அம்மா இன்னும் அழுதுகிட்டிருக்காங்க" என்றாள்.

அப்போது கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து பின்னைத் துளையில் வைத்துத் தள்ளினாள். அது தடையில்லாமல் உள்ளே போனது. கால்களை விரலால் வளைக்கப் பார்த்தாள். முடியவில்லை. நகமெல்லாம் கிரீஸ் ஆனது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"குறடைக் குடுங்க."