விண்டோஸ் 98-ல் பார்த்த பொருத்தம்

என் அப்பா ஹரியை மாப்பிள்ளையாக வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரும் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்வார். "நான் வேண்டாம்னே சொல்லலையே. ஜாதகம் சேரணும்னுதானே சொன்னேன்" என்பார். அந்த ஜாதகத்தை எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும் என்பதையும், அது உயிரை விட்டுப் பல வருஷம் ஆகிறது என்பதையும் யாராவது குடைந்து கேட்டால்தான் சொல்வார்.

ஹரியும் நானும் பெருங்குடியில் ஒரே ஆபீஸ். அவன் அப்பா சுயம்புலிங்கத்துக்கு தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நாங்கள் மயிலாப்பூரை விட்டு வேறெங்கும் குடியிருந்ததே இல்லை என்பதை ஒரு பட்டம் வாங்கின மாதிரி சொல்லிக்கொள்ளும் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்பாவும் விளக்கவில்லை. அவர் மின்சார வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நாலும் படித்தவர், சாதி என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார். அதனால் கம்ப்யூட்டரைச் சொன்னார்.

அந்த லேப்டாப்பில் 'நட்சத்திர தீபம்' என்றொரு ஜாதக சாஃப்ட்வேர் இருந்தது. கும்பகோணத்தில் யாரோ எழுதியது. எழுதினவரும் இல்லை, கம்பெனியும் இல்லை, ஒரே ஒரு ஃப்ளாப்பி மட்டும் அப்பாவின் பீரோவில் பட்டு வேஷ்டிக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. விண்டோஸ் 98-ல் மட்டும்தான் அது ஓடும். ஃபோனிலேயே ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாமே என்றால், "விளம்பரத்துக்கு நடுவுல ஜாதகம் சொல்றதெல்லாம் ஒரு ஜோஸ்யமா?" என்பார். லேப்டாப்பை ஆன் செய்தாலோ, கறுப்புத் திரையில் சிஸ்டம் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிடும்.

"அதை ஓட வை. பொருத்தம் இருந்துடுத்துன்னா நானே அவாத்துக்குப் போய்ப் பேசறேன்" என்றார் அப்பா.

கம்ப்யூட்டரில் சோறு தின்கிற இரண்டு பேருக்குக் கம்ப்யூட்டரிலேயே ஒரு நிபந்தனை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பாவும் சிரித்தார். அவருக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

முதலில் சுலபமான வழியைச் சொன்னேன். என் ஆபீஸ் லேப்டாப்பிலேயே, ஒரு ஜன்னலுக்குள் பழைய விண்டோஸை ஓட்டலாம். பத்து நிமிஷ வேலை.

"அது நெஜ மெஷினா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. தான் ஒரு பழைய மெஷின்னு அதுவே நினைச்சுக்கும்."

"நினைச்சுக்குமா? பொய் மெஷின்ல பாத்தா பொய்யாத்தான் பலன் வரும்."

சரி, நிஜ மெஷினிலேயே போடுவோம் என்று, லேப்டாப்போடு வந்த சிடிக்களைத் தேடினோம். பரண், பீரோ, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி, ஒன்றிலும் இல்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து, "என்ன, அந்த வட்டத் தட்டா? பால்கனியில இருக்கே" என்றாள்.

பால்கனியில் இருந்தன. புறா வராமல் இருப்பதற்காகக் கிழிந்த புடவைத் துண்டில் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். எத்தனையோ வெயிலும் புயலும் பார்த்து, பின்பக்கம் பூச்சு உதிர்ந்து, கண்ணாடி மாதிரி எதிர் வீடு தெரிந்தது. அவற்றுக்குப் பக்கத்துக் கம்பியில் இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருந்தன.

"ஒரிஜினல் டிஸ்க்டி அது! ஒரிஜினல்!" என்று அப்பா கத்தினார்.

"ஒரிஜினலா இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு புறாகூட பயப்படலை" என்றாள் அம்மா.

அப்பாவின் கத்தலில் ஒரு குஷி இருந்ததை நான் கவனித்தேன். ஒரிஜினல் இல்லை என்றால் கதை முடிந்தது. திருட்டு சிடி போட்டுக் கல்யாணப் பொருத்தம் பார்ப்பது பாவம் என்று உடனே ஒரு சாஸ்திரமும் சொன்னார். எந்த சாஸ்திரம் என்று கேட்டேன். பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரியை வீட்டுக்கு வரச் சொன்னேன். அப்பா அவனை "வாங்கோ, உக்காருங்கோ" என்றார். எங்கள் வீட்டில் 'வாங்கோ' என்பது மரியாதை. அதற்கு மேல் இரண்டு 'ங்கோ' சேர்ந்தால் வாசலைக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். ஹரிக்கு அது தெரியாது. அவன் பாட்டுக்கு உட்கார்ந்து லேப்டாப்பைத் திருப்பிப் போட்டான். அடியில் மஞ்சளாய்க் காய்ந்து ஏதோ அப்பிக் கிடந்தது.

"இது என்ன சார்?"

"சந்தனம்" என்றார் அப்பா.

ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். செத்துப்போன பிறகும் விடவில்லை. சரஸ்வதிக்கு எது உயிரோடு இருக்கிறது எது இல்லை என்று கணக்கில்லை என்பது அப்பாவின் கட்சி. ஹரி நகத்தால் மெல்லச் சுரண்டினான். உள்ளே லைசென்ஸ் ஸ்டிக்கர், இருபத்தைந்து எழுத்தும் அன்று அச்சடித்த மாதிரி இருந்தது. சந்தனம் அதைக் காப்பாற்றியிருந்தது.

"சார், இதுதான் சாவி. நீங்க காசு குடுத்து வாங்கினது. வீடும் உங்களுது. நாங்க வெளியிலேருந்து கொண்டாரப்போறது வெறும் கதவுதான்" என்றான் ஹரி.

அப்பா அதை ரொம்ப நேரம் யோசித்தார். ஓய்வு பெற்ற அதிகாரிக்கு இப்படி ஒரு வாதத்தைத் தாண்டிப் போவது கஷ்டம். கடைசியில் "சரி, கதவை மட்டும் கொண்டு வாங்கோ" என்றார்.

கதவு கிடைத்தது. எங்கள் ஆபீஸில் எதையும் தூக்கிப் போடாத ராஜரத்தினம் என்ற சீனியர், விண்டோஸ் 98 சிடியை அப்படியே காப்பி எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தார். ஆனால் லேப்டாப்பின் சிடி டிரைவைத் திறந்தபோது அதற்குள்ளும் சந்தனம். ஸ்டிக்கரைக் காப்பாற்றிய அதே சந்தனம் லென்ஸின் கண்ணை மூடியிருந்தது. பென் டிரைவிலிருந்து கிளம்புகிற வயதும் இல்லை அந்த மெஷினுக்கு. மிச்சம் இருந்தது ஃப்ளாப்பி போட்டு எழுப்புகிற வழி ஒன்றுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஃபைசான் என்பவரின் கடையில் கேட்டோம். "ஃப்ளாப்பியா? இன்னா நைனா, வேற யாரும் கிடைக்கலியா?" என்றார். பிறகு ஸ்டூல் மேல் ஏறி, "கீது கீது, இரு" என்று தூசியோடு ஒரு டப்பாவை இறக்கினார். ஹார்ட் டிஸ்கைப் புது லேப்டாப்போடு இணைக்கிற ஒரு வயரும் அவரிடமே கிடைத்தது.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிச் சொல்வது? மெஷினைத் திறந்து ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்தோம். அதைத் துடைத்து, விண்டோஸ் மொத்தத்தையும் அதற்குள்ளேயே ஒரு ஃபோல்டராகப் போட்டோம். திரும்ப உள்ளே வைத்து, ஃப்ளாப்பியால் எழுப்பிவிட்டு, அங்கிருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டும். சொல்லும்போது மூன்று வரி. செய்யும்போது முதல் ஃப்ளாப்பி பூஞ்சை, இரண்டாவது ஃப்ளாப்பி பூஞ்சை, மூன்றாவது பாதி வழியில் மூச்சை விட்டது. ஒரு ஸ்க்ரூ சோஃபாவுக்கு அடியில் ஓடிப்போக, மறுநாள் அம்மா பெருக்கி எடுத்து வைத்தாள். அப்பா ஆரம்பத்தில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு பேப்பர் இறங்கியது. பிறகு டார்ச் பிடித்தார். ஒருநாள் குங்குமச் சிமிழின் மூடியில் ஸ்க்ரூக்களைப் போட்டுக்கொண்டு, "பெரிசு முன்னாடி, சின்னது பின்னாடிடா, மாத்திப் போடாதே" என்று ஹரியை அதட்டினார்.

அன்றைக்கு நான்காவது ஃப்ளாப்பி வேலை செய்தது. நீலத் திரை வந்து, தொடர என்டரை அழுத்தவும் என்றது. ஹரி விரலை நீட்டினான். அப்பா அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"ராகு காலம்."

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலத்தில்தான் வந்து உட்காரும். மூன்று பேரும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா அடை வார்த்தாள். ஹரி நான்கு சாப்பிட்டான். மின்சாரம் மட்டும் போகக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். வாரியத்தில் இருந்த அப்பா, "போகாது" என்று அடித்துச் சொன்னார். போகவில்லை. ராகு காலம் முடிந்ததும் அப்பாவே என்டரைத் தட்டினார்.

விண்டோஸ் வந்தது. பதினாறு கலரில் வந்தது, ஆனாலும் வந்தது. அப்பா பீரோவைத் திறந்து, பட்டு வேஷ்டியிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போட்டார். 'நட்சத்திர தீபம்' ஒரு குத்துவிளக்குப் படத்தோடு திறந்தது. நானும் ஹரியும் கைதட்டிக்கொண்டோம். அப்பாவும் கைதட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நிஜமாகவே நினைத்தேன்.

அப்பா என் விவரத்தை அடித்தார். ரோகிணி நட்சத்திரம் என்று வந்தது. ஹரியிடம் பிறந்த தேதியும் நேரமும் கேட்டார். "காலைல ஒம்பது மணி சார்" என்றான். அடித்தார். சுவாதி. பொருத்தம் என்ற பட்டனை அழுத்தினார்.

ரஜ்ஜு இல்லை என்று வந்தது.

மற்றது எல்லாம் இருந்து ரஜ்ஜு மட்டும் இல்லாவிட்டாலும் எங்கள் பக்கத்தில் பேச்சே எடுக்கமாட்டார்கள். தாலி நிலைக்கிற பொருத்தம் அது. மறு பேச்சு கிடையாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நானோ அவனோ ஒரு தடவைகூட ஃபோனில் தட்டி, எங்கள் இரண்டு நட்சத்திரமும் சேருமா என்று பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் இதில் நம்பிக்கை கிடையாது. எங்களுக்கு முன்னால் ஒரு மெஷின் ஓடாமல் கிடந்தது. ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. எங்களுக்குப் பொருத்தம் இல்லை என்று சொல்வதற்காக ஒரு மெஷினை நானே கடை கடையாக அலைந்து உயிர் கொடுத்து எழுப்பியிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த முட்டாளும் இதைச் செய்திருக்கமாட்டான். இரண்டு சாஃப்ட்வேர் எஞ்சினீயர்கள் சேர்ந்தால்தான் முடியும்.

நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். ஹரி முன்னால் அழுததில் வெட்கம் வந்தது, அப்பா முன்னால் அழுததில் ஆத்திரம் வந்தது. ஹரி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஓட வெச்சாச்சோன்னோ? இப்போ என்ன சொல்லப் போறேள்?" என்றாள் அப்பாவிடம்.

அப்பா எதுவும் சொல்லத் தேவையே இல்லை. எழுந்து போய் டிவியைப் போட்டிருந்தால் போதும். அவர் ஆசைப்பட்டது முழுசாகத் திரையில் எழுதியிருந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"இது ஓடாதுன்னு நினைச்சுண்டுதான் சொன்னேன்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் அம்மா.

பிறகு அப்பா மூக்குக் கண்ணாடியை வேஷ்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"ஏண்டா, நீ ஒன்பது மணிக்குப் பொறந்தேன்னு யாரு குறிச்சு வெச்சா?"

"யாரும் குறிக்கல சார். அண்ணனுக்குத்தான் ஜாதகம் எழுதினாங்க, எனக்கு எழுதல. கடை தெறக்குற நேரத்துக்குப் பொறந்தான்னு அம்மா சொல்வாங்க. கடை ஒம்பதுக்குத் தெறப்போம். அத வச்சுச் சொன்னேன்."

அப்பா ஒன்பதரை என்று அடித்தார். சுவாதி. அதை அழித்துவிட்டுப் பத்து என்று அடித்தார். விசாகம். பொருத்தத்தை அழுத்தினார். பத்துப் பொருத்தத்தில் எட்டு என்று வந்தது. ரஜ்ஜு இருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய ஹரிக்கு மனசாட்சி குத்த ஆரம்பித்துவிட்டது. பாத்திரக் கடையில் எடை போட்டு வளர்ந்த பிள்ளை.

"இல்ல சார். எங்கப்பா ஒம்பதுன்னா ஒம்பதுக்கு ஷட்டரத் தூக்கிருவாரு. வெள்ளம் வந்தப்பவே தெறந்தவரு. பத்து மணிக்கெல்லாம் ஒருநாளும் தெறந்ததில்ல."

"பிள்ளை பொறந்த அன்னிக்கு எந்த அப்பன்டா நேரத்துக்குக் கடை திறப்பான்?" என்றார் அப்பா. "வேணும்னா வந்து நானே கேட்டுக்கறேன். அவர் என்னிக்கு ஆத்துல இருப்பார்னு மட்டும் கேட்டுச் சொல்லு."