மலைக்கோடும் பட்டணக்கோடும்

எல்லப்பனுடைய டீசல் வேனின் பம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திருகு இருந்தது. அதன் பக்கத்தில் மெக்கானிக் பச்சையப்பன் பெயிண்டால் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருந்தான். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். சிவப்புக்குத் திருப்பினால் எஞ்சினுக்கு டீசல் தாராளமாகப் போகும். பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு திருத்தணி மலைப்பாதையில் வேன் மூச்சு வாங்காமல் ஏறும். பின்னால் கரும்புகை வரும். மஞ்சளுக்குத் திருப்பினால் டீசல் குறையும், புகையும் குறையும், கூடவே இழுவையும் குறையும். சிவப்பு மலைக்கோடு, மஞ்சள் பட்டணக்கோடு.

கிருத்திகைக்குச் சிவப்பு, சென்னைக்குப் போகிற நாளில் மஞ்சள். புகைச் சான்றிதழ் வாங்கப் போகும்போதும் மஞ்சள்தான். வாங்கி வந்த அன்றே திருகு சிவப்புக்குப் போய்விடும். அதில் தவறு இருப்பதாக எல்லப்பன் நினைத்ததில்லை. "முருகன் மேல போயி உக்காந்துகினாரு. ஜனங்களை ஏத்தணுமா வேணாமா?" என்பான்.

2002ஆம் வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் காலை. மூன்று நாள் மலைக்கும் கீழுக்கும் ஓடிய களைப்பில் எல்லப்பன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சின்னசாமி ஓடிவந்தான். திருவாலங்காட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவன்.

"அண்ணா, ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. கண்ணு கெடைச்சிருக்குதாம். பதினோரு மணிக்குள்ள குப்பம்மாளைக் கொண்டாரணுமாம். இல்லாட்டி வரிசைல அடுத்த ஆளைக் கூப்ட்ருவாங்களாம்."

சின்னசாமியின் மனைவி குப்பம்மாளுக்குச் சிறுவயதில் அம்மை போட்டு இடது கண் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் கரும்புத் தோகை வலது கண்ணைக் கிழித்தது. புண் ஆறி, கருவிழிமேல் பால்போல வெள்ளை படர்ந்தது. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த கண்ணுக்காகப் பதினாலு மாதமாகக் காத்திருந்தாள்.

எல்லப்பன் வாயைக் கொப்பளித்துவிட்டு, சின்னசாமியையும் குப்பம்மாளையும் ஏற்றிக்கொண்டு வேனை எடுத்தான். அன்று சென்னைக்குப் போக ஏற்கெனவே பன்னிரண்டு பேர் சொல்லிவைத்திருந்தார்கள். அவர்களைப் பேருந்து நிலையத்தருகே ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மணி ஏழு. திருவள்ளூர் தாண்டியபோதுதான் திருகு இன்னும் மலைக்கோட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. நிறுத்தித் திருப்பப் பத்து நிமிஷம் ஆகும். சான்றிதழ்தான் பெட்டியில் இருக்கிறதே என்று நினைத்து மிதித்துக்கொண்டு போனான்.

திருமழிசைக்குச் சற்று முன்னால் சாலையோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. அன்று புகைச் சோதனை. புகை விடும் வண்டிகளை நகரத்துக்குள் விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காக்கிச் சட்டை போட்ட பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் கையை நீட்டினார். சட்டையில் சுந்தரமூர்த்தி என்று பெயர் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இருமினார்.

எல்லப்பன் சான்றிதழை நீட்டினான்.

"பேப்பர் நல்லாத்தான்யா இருக்குது. ஒரு கிலோமீட்டருக்கு அந்தாண்டயே உன் வண்டி வர்றது தெரிஞ்சுதே, ரயிலு மாதிரி," என்றார் இன்ஸ்பெக்டர். "இறங்கு. என் ஆளு சாப்பிடப் போயிட்டான். நான் மிதிக்கறேன், நீ பின்னாடி நின்னு குழாயைப் பிடி."

புகை அளக்கும் மீட்டரின் குழாயைப் புகைப்போக்கியில் செருகிப் பிடித்துக்கொண்டு எல்லப்பன் வேனுக்குப் பின்னால் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். குழாயைச் சுற்றிக் கரும்புகை குபுகுபுவென்று வந்து அவன் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. மூன்று முறை மிதித்தார். பதினொரு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவன், ஒருநாளும் அதன் பின்னால் நின்றதில்லை. முன்னால் உட்காருகிறவனுக்குப் பின்னால் போவது எப்படித் தெரியும்? மலைப்பாதையில் காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி முகத்தை மூடிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். வண்டிக்கு மரியாதையாக ஒதுங்குகிறார்கள் என்றே அதுவரை நினைத்திருந்தான்.

"எண்பத்தொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். "அறுபத்தஞ்சுக்கு மேல போகக் கூடாது. திருப்பிக்கோ."

சின்னசாமி இறங்கி ஓடிவந்தான். "சார், சார், கண் ஆபரேசன் சார். பதினோரு மணிக்குள்ள போகணும்." ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக் காட்டினான். அவனுக்குப் பின்னால் சுப்புரத்தினமும் இறங்கினார். மலைக்கோயில் மடைப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பம்; பட்டணத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தார். கையில் இலையில் கட்டிய பொட்டலம் இருந்தது.

"என்ன சாமி இது, லஞ்சமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சிவ சிவா! நேத்து கிருத்திகைப் பிரசாதம் சார். நீங்க விட்டாலும் கொடுப்பேன், விடாட்டியும் கொடுப்பேன். இருமறேளே, மிளகு போட்டது, தொண்டைக்கு நல்லது."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. "மொதல்ல வேலை முடியட்டும்," என்று பொட்டலத்தை மேசை ஓரத்தில் வைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் குப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குரல் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அட்டையைச் சின்னசாமியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க பாரு," என்றார் எல்லப்பனிடம். "இந்தப் புகையோட உன்னை விட மாட்டேன். அது நடக்காது. காத்தாலேர்ந்து நாப்பது வண்டியைத் திருப்பியிருக்கேன். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அவசரம் இருக்குது. ஆனா பம்பைக் குறைச்சிட்டு வந்தீன்னா மறுபடி பாக்கறேன். குறைக்கத் தெரியும் இல்ல?"

எல்லப்பன் தலை குனிந்தான். "தெரியும் சார்."

"ஆங், தெரியும். பேப்பரைப் பாத்தாலே தெரியுது."

ஸ்பேனரையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்து, பானெட்டைத் திறந்து, திருகை மஞ்சளுக்குத் திருப்பினான். அவசரத்தில் ஸ்பேனர் இரண்டு முறை நழுவி, பத்து நிமிஷ வேலை இருபது நிமிஷம் ஆயிற்று. மறுபடி குழாயைப் பிடித்தபோது ஐம்பத்தெட்டு காட்டியது.

"போ," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தாண்ட போயி நீ மறுபடி திருப்பினா எனக்குத் தெரியப் போறதில்ல. உன்னை நம்பி விடறேன்."

மணி ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது.

பட்டணக்கோட்டில் வேன் சமதரையில் எப்படியோ ஓடியது. ஆனால் பதினைந்து பேர் பாரம். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று எடுக்கும்போது கிழட்டு மாடு எழுந்திருப்பதுபோல எழுந்தது. பத்தேகாலுக்கு ஒரு மேம்பாலம் வந்தது. பாதி ஏறியதும் இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், பிறகு ஒரு குலுக்கல். வேன் நின்றுவிட்டது. கைபிரேக்கை இழுத்துப் பிடித்தான். பின்னால் ஹாரன்கள் அலறின. "என்னாப்பா, பாலத்துலயே குடித்தனம் வைக்கப் போறியா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்திவிட்டுப் போனார்.

சின்னசாமியின் குரல் உடைந்திருந்தது. "அண்ணா, அந்தத் திருக ஏத்திடுங்கண்ணா. அவருதான் இல்லியே. யாரு பாக்கப் போறாங்க?"

"ஆமாப்பா, ஏத்து ஏத்து," என்று பின் சீட்டிலிருந்தும் குரல் வந்தது.

எல்லப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினான். மேம்பாலத்தின் ஓரத்தில், வேனுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றிருந்தார். அவர் கேரியரில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. வேனின் புகைப்போக்கி அதன் முகத்துக்கு நேராக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் தானும் அதே உயரத்தில்தான் உட்கார்ந்திருந்தோம் என்று எல்லப்பனுக்குத் தோன்றியது. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். உள்ளே ஒருத்தியின் பார்வை காத்திருக்கிறது, வெளியே ஒரு குழந்தை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாவமாக இருந்தது.

"முருகா," என்று மட்டும் சொன்னான்.

அப்போது வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குப்பம்மாள் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா இறங்கற?" என்று கேட்டான் எல்லப்பன்.

"மேடுன்னுதானே நிக்குது? நான் மேட்டை நடந்து ஏறிக்கறேண்ணா. பாரம் கொறையும் இல்ல. காத்தாலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல, அம்பது கிலோகூட இருக்க மாட்டேன், ஆனாலும் கொறையட்டும்."

சுப்புரத்தினம் தன் பெரிய கரண்டிகள் கட்டிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீ உக்காரும்மா. பாரத்தைக் குறைக்கணும்னா அதுக்கு நான் இருக்கேன். எண்பத்தெட்டு கிலோ, எல்லாம் முருகன் பொங்கல்."

யாரோ சிரித்தார்கள். அவர் இறங்கியதும் பள்ளிப்பட்டுப் புடவை வியாபாரி இறங்கினார். கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கப் போகிற பெண்ணும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். "ஏத்து ஏத்து" என்று சொன்ன பின் சீட்டுக்காரரும் இறங்கினார். பன்னிரண்டு பேரும் இறங்கி, ஆறு பேர் பின்னால் கை கொடுத்துத் தள்ள, வேன் பாலத்தின் உச்சிக்கு வந்தது. சைக்கிள்காரரும் குழந்தையை இறக்கி நிறுத்திவிட்டு ஒரு கை பிடித்தார்.

உச்சியில் எல்லப்பன் தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் ஏறிக்கோங்க," என்றான்.

"நீ போ எல்லப்பா," என்றார் சுப்புரத்தினம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எங்களுக்கு பஸ் இருக்கு. அந்த வீட்ல சாம்பார் ஒரு மணி நேரம் லேட்டானா ஒண்ணும் குடி முழுகிடாது. போ, போ."

மூன்று பேரோடு வேன் லேசாக ஓடியது. இருந்தும் எழும்பூர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது மணி பதினொன்று பத்து. சின்னசாமி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எல்லப்பன்தான் குப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

வராந்தாவில் ஒரு நர்ஸ் எதிரே வந்தார். "திருவாலங்காடு குப்பம்மாளா? வாங்க, வாங்க. எதுவும் சாப்பிடலியே?"

"லேட்டாயிடுச்சும்மா..." என்று எல்லப்பன் இழுத்தான்.

"தெரியும். ஒரு ஆபீசர் போன் பண்ணாரு. நான்தான் அவங்களை வழியில நிறுத்திட்டேன், தப்பு என்னுது, அரை மணி நேரம் பொறுத்துக்கோங்கன்னாரு. டாக்டர் கிட்ட அவரே பேசினாரு. இருமிக்கினே பேசினாரு பாவம்."

ஆஸ்பத்திரி அட்டையை அவர் ஏன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார் என்று எல்லப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டத்தை ஒரு நூல்கூட வளைக்காத மனிதர், செய்யாத தப்பை மட்டும் தன் தலையில் போட்டுக்கொண்டார். கடவுள் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார் என்று நமக்குச் சொல்லிவிட்டா வருகிறார்?

ஊருக்குத் திரும்பிய மறுநாளே எல்லப்பன் பச்சையப்பனின் ஷெட்டுக்குப் போய், சிவப்புக் கோட்டைச் சுரண்டி எடுக்கச் சொன்னான்.

"உனக்குப் பைத்தியமா நைனா? மலை ஏறாது உன் வண்டி," என்றான் பச்சையப்பன்.

"எட்டு பேரை ஏத்தினா ஏறும்."

மற்ற வேன்காரர்கள் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு அவனைத் தாண்டிப் போகும்போது, "என்னா எல்லப்பா, உன் வண்டி அங்கப்பிரதட்சணம் பண்ணுதா?" என்று கேலி செய்தார்கள். "வேண்டுதல்ப்பா," என்று அவனும் சிரித்துவிட்டுப் போவான்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் சின்னசாமியும் குப்பம்மாளும் மலைக்கு வந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நாலு மாதத்தில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, வரப்பில் தனியாக நடக்கிறாள், அரிசியில் கல் பொறுக்குகிறாள் என்று சின்னசாமி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசி வளைவில் வேன் திணறியது. யாரும் சொல்லாமலே எட்டு பேரும் இறங்கிவிட்டார்கள்.

எல்லப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "தங்கச்சி, பின்னாடி போயி கொஞ்சம் நில்லு. நான் மிதிக்கறேன். புகை வருதான்னு பாத்துச் சொல்லு."

குப்பம்மாள் வேனுக்குப் பின்னால் போய், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். அவன் ஒரே மிதியாக மிதித்தான்.

"வருதாம்மா?"

அவள் குனிந்து உன்னிப்பாகப் பார்த்தாள்.

"இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேண்ணா. வருது. மெல்லிசா, ஊதுவத்தி அணையறப்ப வருமே, அந்த மாதிரி. வளைஞ்சி வளைஞ்சி போவுது... அதோ, அந்த வேப்பமரத்து வரைக்கும்கூடப் போவல."

பதினொரு வருஷ ஓட்டத்தில் தன் வண்டி புகைகிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எல்லப்பன் சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான். "மறுபடி ஒருவாட்டி பாரு," என்று சொல்லி, இந்த முறை மெதுவாக மிதித்தான்.